செவலை மச்சம்

சின்னாத்தாளுக்குக் கண் கூர்மை. சோளத்தில் கலந்த சிறுகல்லை முறத்தை ஆட்டாமலே எடுத்துப் போடுவாள். தூரத்தில் வருகிற வண்டி யாருடையது என்று மாட்டின் கொம்பு தெளிவாகத் தெரியும் முன்பே சொல்லிவிடுவாள். வீட்டுக்குள் வந்தால் மட்டும் அந்தக் கண் ஒரே இடத்தில் போய் நின்றுகொள்ளும். அது அவளுடைய ஓரகத்தி சென்னியம்மாளின் மகன் திருமலைசாமியின் முதுகு.

சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்கு எண்ணெய்க் குளியல். இரண்டு மருமகள்களும் கிணற்றடியில் ஆளுக்கொரு பிள்ளையைக் காலில் போட்டுக்கொண்டு உட்காருவார்கள். திருமலையின் முதுகில் கருப்பட்டிப் பாகு சொட்டிக் காய்ந்தாற்போலப் பழுப்புத் திட்டுகள் இருந்தன. தோள்பட்டையில் புளியங்கொட்டை அளவில் ஒன்று, இடுப்புக்கு மேல் வெற்றிலைபோல விரிந்த ஒன்று, இன்னும் அங்கங்கே பொடிசாகச் சில. சின்னாத்தாளின் மகன் குமாரசாமி அவனுக்கு ஒரு வருஷம் இளையவன். அவன் முதுகு கழுவி வைத்த அம்மிபோல வெறுமையாகக் கிடக்கும். எண்ணெய் தேய்க்கத் தேய்க்க அந்த வெறுமை இன்னும் பளபளக்கும்.

அந்த நேரம் பார்த்துத்தான் மாமனார் லட்சுமணசாமிக் கவுண்டர் மாடு கட்டும் கட்டுத்தரையிலிருந்து கை கழுவ வருவார்.

"அம்மணி, பையனக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பு" என்பார் பெரிய மருமகளிடம். கட்டைவிரலால் அந்தத் திட்டுகளைத் தடவிப் பார்ப்பார். "செவலை எப்படி எறங்கியிருக்குது பாரு. இவன் கைக்குப் போனா பட்டி பெருகும்."

அப்புறம் சின்னாத்தாளின் பிள்ளையையும் பார்ப்பார். குறை ஒன்றும் சொல்லமாட்டார். "நல்லாத் தேச்சு உடு, சளி புடிக்காது" என்று சொல்லிவிட்டுப் போவார். திட்டியிருந்தால்கூட சின்னாத்தாள் பொறுத்திருப்பாள். சளியைப் பற்றிச் சொன்னதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

வெள்ளகோவிலுக்குத் தெற்கே, மழை மறந்த பூமியில் இருந்தது அவர்கள் தோட்டம். வெள்ளாமையைவிட மாடுதான் சோறு போட்டது. கிளுவை முள்வேலி கட்டிய மேய்ச்சல் காட்டில் கவுண்டரின் காங்கயம் மாடுகள் மேய்ந்தன. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் மாடு வாங்குவதற்கு முன் அவரைக் கூட்டிக்கொண்டு போவார்கள், சுழி பார்க்க. நெற்றியிலும் திமிலுக்குப் பின்னாலும் முதுகிலும் மயிர் எப்படிச் சுழித்திருக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்து, இது ராஜசுழி, வீட்டுக்கு ஆகும் என்பார். இது பாடைச்சுழி, எஜமானைத் தூக்கிக்கொண்டு போய்விடும், கயிற்றை விட்டுவிடு என்பார். அவர் வேண்டாமென்ற மாட்டை அந்த வட்டாரத்தில் விற்க முடியாது.

மாட்டைப் பார்த்துப் பழகிய கண்ணாலேயே அவர் வீட்டு மனுஷரையும் பார்த்தார். அவர் உடம்பிலும் அந்தத் திட்டுகள் பிறவியிலேயே உண்டு. அவருடைய அப்பனுக்கும் உண்டாம். அவர் தலையெடுத்த பிறகுதான் நாலைந்து மாடு ஒரு பட்டியானது. ஆகவே அது அதிர்ஷ்டக் குறி என்று முடிவாகி, செங்காவி நிற மாட்டுக்குச் சொல்லும் பெயரையே வைத்துச் செவலை மச்சம் என்றார்கள். வயது ஏற ஏற அவர் மார்பிலும் கைகளிலும் மெத்துமெத்தென்று சிறு முண்டுகள் கிளம்பின. அழுத்தினால் உள்ளே அமுங்கும், விட்டால் மறுபடி எழும். அதற்கும் வீட்டில் ஒரு விளக்கம் தயாராக இருந்தது. சிறுவயதில் அம்மை போட்டபோது மாரியாத்தா போக மனமில்லாமல் விட்டுவைத்த முத்தாம் அது.

மூத்த மகன் அங்கப்பனுக்கு மச்சமும் இருந்தது, முத்தும் வந்தது. இளைய மகன் பாலுசாமி, அதாவது சின்னாத்தாளின் புருஷன், ஒரு மறுவும் இல்லாமல் பிறந்து தொலைத்திருந்தான்.

"உங்க உடம்புல தேடித் தேடிப் பாத்துப்போட்டனுங்க. கடுகத்தனையாவது ஒண்ணு இருக்கக் கூடாதுங்களா?" என்று அவள் சண்டைக்குப் போவாள்.

"நா என்ன பண்றது புள்ள? எங்கண்ணனுக்கே சாயம் எல்லாந் தீந்துபோச்சு."

"சிரிங்க, சிரிங்க. நாளைக்கு உங்க பையன் அவுங்க பையனுக்குச் சாணி வழிக்கும்போதும் இப்படியே சிரிங்க."

அவள் பயம் வெறும் பயமல்ல. அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. சித்திரையில் கண்ணபுரத்துத் தேர்ச்சந்தைக்கு மாடுகளை ஓட்டிப் போகும்போது, முன்னால் போகும் பொலிகாளையின், அதாவது இனத்துக்கு விடும் காளையின், கயிற்றை யார் பிடிக்கிறாரோ அவர்தான் பட்டிக்கு அடுத்த எஜமான். கவுண்டருக்குப் பிறகு கயிறு அங்கப்பன் கைக்கு வந்தது. பேரன்களில் யாருக்கு என்பதையும் கவுண்டர் ஊரறியச் சொல்லிவிட்டார். மச்சக்காரனுக்கு. மற்றவனுக்கு மேட்டுக் காட்டில் கொஞ்சம் நிலம், அவ்வளவுதான்.

இதன் பிறகு சின்னாத்தாளுக்கு எல்லாமே மச்சமாகத் தெரிந்தது. மாடு கன்று ஈன்று சீம்பால் காய்ச்சினால் திருமலையின் வட்டிலில் கெட்டியாக விழுவதுபோல இருக்கும். திருமலை தும்மினால் நாலுபேர் நூறாயுசு சொல்வார்கள், குமாரசாமி தும்மினால் மூக்கைச் சிந்தச் சொல்வார்கள். சென்னியம்மாள் இதற்கெல்லாம் பெருமைப்பட்டுக்கொண்டாளா என்றால், இல்லை. அவள் பாட்டுக்கு வேலையைப் பார்த்தாள். அந்த அலட்சியம்தான் சின்னாத்தாளை இன்னும் எரித்தது. தனக்குக் கிடைத்திருந்தால் எப்படித் தூக்கிப் பிடித்திருப்போம், இவள் பாட்டுக்கு ஈரத்துணியைப் போட்டு மூடுகிறாளே என்று நினைப்பாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதாம் வருஷம், குமாரசாமிக்கு ஐந்து வயதாக இருந்தபோது, அவள் அதைச் செய்தாள்.

துணி வெளுக்கும் கருப்பாத்தாள் வீட்டுக்கு வீடு துணி மாறாமல் இருக்க, சேராங்கொட்டையைக் குத்தி அதன் பாலால் மூலையில் குறி போடுவாள். எத்தனை வெள்ளாவி வைத்தாலும் அந்தக் குறி போகாது. "மேலுல பட்டுறாம பாத்துக்குங்க அம்மணி. பட்டா பொத்துப் போயி, ஆறுனாலும் கறை நிக்கும்" என்று கருப்பாத்தாள் எச்சரித்ததை சின்னாத்தாள் வேறுவிதமாகக் காதில் வாங்கிக்கொண்டாள். எல்லோரும் காட்டுக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், பையனுக்கு வெல்லக்கட்டி ஒன்றைக் கையில் கொடுத்துக் குப்புறப் படுக்கவைத்து, இடது தோள்பட்டையில் தீக்குச்சியால் ஒரு வேப்பிலை அளவு தீட்டினாள்.

சாயந்தரமே பையன் கதறினான். முதுகு கொப்பளித்து நீர் வடிந்தது. காய்ச்சல் அடங்க வாரம் ஆயிற்று. அக்கி என்று சொல்லிக் காவியைக் குழைத்துப் பூசினாள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தபோது தன்னை எதனாலாவது அடித்துக்கொள்ளலாமா என்றுகூட இருந்தது. ஆனால் பொருக்கு உதிர்ந்து அடியில் கருத்த திட்டு ஒன்று நிலைத்தபோது, அவள் முதலில் பார்த்தது அது எத்தனை அகலம் என்பதைத்தான்.

அடுத்த சனிக்கிழமை அவளே மாமனாரைக் கூப்பிட்டாள். "ஏனுங்க மாமா, இவனுக்கும் உள்ளுக்குள்ள இருந்திருக்குதுங்க. அக்கி வந்து ஆறுனதும் வெளிய தெரியுதுங்க."

கவுண்டர் குனிந்து கட்டைவிரலை அதன்மேல் ஓட்டினார். சந்தையில் மாட்டைத் தடவுவதுபோல மேலிருந்து கீழாக ஒரு தரம், கீழிருந்து மேலாக ஒரு தரம்.

"ம். இருக்கும், இருக்கும்" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

சென்னியம்மாள்தான் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "ஏஞ்சின்னா, செவலை கேட்டா ஆத்தா காரியக் குடுத்துட்டாளாட்ட இருக்குது?"

காரி என்றால் கருப்பு மாடு. சின்னாத்தாள் பையன் முதுகில் தண்ணீரை ஊற்றினாள். கயிறு யாருக்கு என்ற பேச்சும் மாறவில்லை.

வருஷங்கள் போயின. பையன்கள் இருவரும் ஒன்றாகவே சுற்றினார்கள், ஒன்றாகவே உதை வாங்கினார்கள். அவர்களுக்குள் கயிறும் மச்சமும் ஒரு பேச்சே இல்லை. சின்னாத்தாள் மட்டும் திருமலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதனால் மற்ற யாருக்கும் முன்னால் அவளுக்குத்தான் தெரிந்தது. அவன் இடது காலை லேசாக இழுத்தான். செருப்பு அந்தக் காலில் மட்டும் நுனி தேய்ந்திருந்தது. தலையில் எண்ணெய் வைக்கும்போது பின்கழுத்தில், மயிருக்கு அடியில், எலுமிச்சை அளவில் ஒரு முண்டு. அவன் அப்பனுக்கும் தாத்தனுக்கும் இருந்த முத்துபோல இது அமுங்கவில்லை.

சொல்லலாமென்று வாய்வரை வந்தது. சொன்னால் சென்னியம்மாள் என்ன கேட்பாள் என்பதும் கூடவே வந்தது. 'எம்பையங் கழுத்துல உனக்கென்ன வேலை?' அவள் பேசாமல் இருந்துவிட்டாள். இன்னொரு காரணமும் இருந்தது. காலை இழுக்கிற பையனிடம் காளையைக் கொடுக்கமாட்டார்கள்.

முப்பத்தேழாம் வருஷச் சித்திரையில் திருமலைக்குப் பதின்மூன்று. அந்தச் சந்தையில்தான் கவுண்டர் முதன்முதலாகப் பொலிகாளையின் கயிற்றை அவன் கையில் கொடுத்தார். அங்கப்பன் பக்கத்தில் நடந்தான். காளை முரண்டு பிடிக்கவில்லை, மிரளவும் இல்லை. ஈயை விரட்டத் தலையை ஒரு பக்கம் திருப்பியது, அவ்வளவுதான். திருமலை கால் மடங்கிப் புழுதியில் விழுந்தான். எழுந்திருக்கப் பார்த்தான், இடது கால் பேச்சைக் கேட்கவில்லை.

சுற்றிலும் கூட்டம் கூடியது. சின்னாத்தாள் கொஞ்சம் தள்ளி வண்டியின் பக்கம் நின்றிருந்தாள். நெஞ்சுக்குள் ஒரு சின்ன இடத்தில் 'சரி' என்று ஏதோ ஒன்று உட்கார்ந்தது. அடுத்த கணமே அது என்னவென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அதற்குள் சென்னியம்மாள் அவளைப் பார்த்துவிட்டாள். அப்போது அவள் வயிற்றில் பிள்ளை. இத்தனை வருஷம் கழித்து மூன்று மாதம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஊர்ஜனம் கேட்கக் கத்தினாள்.

"நின்னு பாக்கறா பாரு! பொறந்த நாள்ல இருந்து எம்பையன் முதுகையே பாத்துப் பாத்துக் கருக்கிப்போட்டா! உங்கண்ணுல கொள்ளிய வெக்க!"

பாலுசாமிகூட அன்று சிரிக்கவில்லை. சின்னாத்தாள் முகத்தை வண்டிச் சக்கரத்தின் பக்கம் திருப்பிக்கொண்டாள். சென்னியம்மாள் சொன்னதில் பொய் என்ன இருந்தது? பார்த்தது நிஜம்தானே.

மந்திரித்தார்கள், மிளகாய் சுற்றிப் போட்டார்கள், எண்ணெய் உருவினார்கள். கால் திரும்பவில்லை. ஊரில் ஒருவர் மெல்லப் பெருநோய், குஷ்டம் என்று வாயெடுத்தார். அந்தச் சொல் வேலி தாண்டும் முன்பு அங்கப்பன் பையனைக் கோயமுத்தூரில் பாதிரிமார் நடத்திய ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில் கொண்டுபோனான். அங்கிருந்த டாக்டர் தேவானந்தம் பையனைப் படுக்கவைத்துக்கொண்டு, அவனைப் பார்த்ததைவிட அதிகமாக அப்பனைப் பார்த்தாராம். ரத்த சம்பந்தப்பட்ட எல்லோரும் வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

அப்படித்தான் அந்தக் குடும்பம் முழுவதும் ஒருநாள் ஆஸ்பத்திரி அறையில் சட்டையைக் கழற்றி வரிசையாக நின்றது. கவுண்டர், அங்கப்பன், பாலுசாமி, குமாரசாமி. பெண்கள் இருவரும் சுவரோரமாக, இடையில் இடம் விட்டு நின்றார்கள். சந்தையில் கத்திய நாளிலிருந்து அவர்களுக்குள் பேச்சில்லை.

டாக்டர் தெற்கத்திக்காரர். ஒல்லியான மனிதர், நிதானமாகப் பேசினார். கவுண்டரின் மார்பு முண்டுகளை அழுத்திப் பார்த்தார். அங்கப்பனின் திட்டுகளை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பாலுசாமியைப் பார்த்துவிட்டு, "நீங்கள் சட்டையைப் போட்டுக்கொள்ளலாம்" என்றார்.

"பெருநோயுங்களா?" என்று அங்கப்பன் கேட்டான்.

"இல்லை. ஊசியால் குத்தினால் உங்கள் பையனுக்கு நன்றாக வலிக்கிறதே. தொற்றாது, பயப்படவேண்டாம். வேறு யாருக்கு இந்தத் திட்டு இருக்கிறது?"

சென்னியம்மாள் சுவரோரத்திலிருந்து கையை நீட்டினாள். "அந்தப் பையனுக்கும் இருக்குதுங்க. தோள்பட்டையில."

இந்த மச்சத்தை யாராவது எடுத்துச் சொல்லமாட்டார்களா என்று சின்னாத்தாள் ஏங்கிய காலம் ஒன்று உண்டு. இப்போது அது சொல்லப்பட்டது. டாக்டர் குனிந்தார், மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"இது எங்கம்மா வெச்சதுங்க" என்றான் குமாரசாமி, ஏதோ சட்டை தைத்ததைச் சொல்வதுபோல. "சேராங்கொட்டையில. சின்னப்பையனா இருக்கையில. வெல்லங் குடுத்துப் படுக்கப் போட்டு வெச்சாங்க."

திருமலைதான் கட்டிலிலிருந்து முதலில் சிரித்தான். "அடப்பாவி, எங்கிட்டக் கோடாலி கீறுனதுன்னு சொன்னியேடா!"

"மாமா..." என்று சின்னாத்தாள் ஆரம்பித்தாள்.

கவுண்டர் கையைக் காட்டி நிறுத்தினார். "தெரியும் அம்மணி. சந்தையில தரகனுங்க இல்லாத சுழிக்குச் சூடு போட்டுக்கிட்டு வாரதை எத்தனை பாத்திருக்கறன். கை வெச்ச அன்னைக்கே தெரியும். செவலை வழவழன்னு தோலோட தோலா இருக்கும். இது சொரசொரன்னு இருந்துது. மருமகளைக் கூப்பிட்டு உட்டு இதையெல்லாம் எப்படிக் கேக்கறது?"

டாக்டர் சிரிக்கவில்லை. எல்லோரையும் உட்காரச் சொல்லிவிட்டு, தானும் உட்கார்ந்தார். திட்டும் முண்டும் ஒரே சீக்கின் இரண்டு முகம் என்றார். நரம்பைச் சுற்றி வளர்கிற கட்டி இது. தோலோடு நின்றால் ஆயுசுக்கும் தொந்தரவு இல்லை, தாத்தாவைப்போல. சிலருக்கு உள்ளேயும் வளரும். திருமலைக்குக் கழுத்தில் வளர்ந்தது தண்டுவடத்தை அழுத்துகிறது, அதனால்தான் கால் இழுக்கிறது. சென்னப்பட்டணத்தில் அறுத்து எடுக்கலாம். கட்டியை எடுக்கலாமே தவிர, ரத்தத்தில் இருக்கிற வித்தை எடுக்க முடியாது.

"வித்துங்களா?" கவுண்டர் முன்னுக்கு நகர்ந்து உட்கார்ந்தார். "பொலிகாளையோட அடையாளம் கன்னுக்கு எறங்கற மாதிரிங்களா?"

"அப்படித்தான் ஐயா. உள்ளவர் பெறுகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் வரலாம், வராமலும் போகலாம். பாதிக்குப் பாதி. ஆணென்றும் இல்லை, பெண்ணென்றும் இல்லை. வராதவரிடம் அது கிடையாது. தன்னிடம் இல்லாததை அவர் பிள்ளைக்குக் கொடுக்க முடியாது. உங்கள் இளைய மகன் கிளையில் அது நின்றுவிட்டது. சேராங்கொட்டை வைத்தாலும் வராது."

கவுண்டர் தன் மார்பில் இருந்த முண்டு ஒன்றை விரலால் அழுத்தினார். அது உள்ளே போனது, வெளியே வந்தது. "ஊரானுக்கெல்லாம் பாடைச்சுழியப் பாத்துச் சொன்னன்" என்றார். "எம்மேல இருந்ததை ராஜசுழின்னு நெனச்சுப்போட்டன்."

"பாடையும் இல்லை, ராஜாவும் இல்லை. சீக்கு, அவ்வளவுதான்" என்றார் டாக்டர்.

சின்னாத்தாள் இத்தனை நேரம் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டாள். குரல் யாருடையதோபோல வந்தது. "கண்ணு பட்டு... ஒருத்தரு பாத்துப் பாத்து... அதனால வாரதில்லீங்களா?"

"பார்வையால் கட்டி வராது அம்மா. இவன் கருவாகும்போதே இது கூட வந்துவிட்டது. அப்போது நீங்கள் இவனைப் பார்த்திருக்கக்கூட முடியாது."

சின்னாத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, நியாயமாக டாக்டரைப் பார்க்கவேண்டியவள், பழக்கத்தில் சென்னியம்மாளைப் பார்த்தாள்.

சென்னியம்மாளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் சின்னாத்தாளை அல்ல. சட்டையை மாட்டிக்கொண்டிருந்த குமாரசாமியை. அந்த வெறும் முதுகின்மேல், தோளிலிருந்து இடுப்புவரை, அவள் கண் மெல்ல இறங்கியது. அங்கேயே நின்றது. சின்னாத்தாளுக்கு அந்தப் பார்வை தெரியும். தன் வீட்டுச் செம்பை அடுத்த வீட்டு அடுப்படியில் பார்த்ததுபோல அதை அடையாளம் கண்டுகொண்டாள். இத்தனை வருஷம் அவள் ஆசைப்பட்டது இதற்குத்தான், சென்னியம்மாள் ஒரே ஒரு நாளாவது தன்னைப் பார்த்துப் பொறாமைப்படவேண்டும் என்று. அது கிடைத்தபோது, ஓடிப்போய்ப் பையன் முதுகை எதையாவது போட்டு மூடவேண்டும்போல இருந்தது.

"வயித்துல இருக்கறதுக்குங்க?" என்று கேட்டாள் சென்னியம்மாள், யாரையும் பார்க்காமல்.

"பாதிக்குப் பாதி, அம்மா. இப்போது சொல்ல முடியாது. பிறந்ததும் இல்லையென்றாலும் முதல் வருஷத்துக்குள் திட்டு தலைகாட்டும். நடக்கிற வயதுவரை ஒன்றும் வராவிட்டால் அநேகமாக இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்."

அந்த ஆடியில் சென்னப்பட்டணத்தில் திருமலைக்குக் கழுத்துக் கட்டியை எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டான். கால் முக்கால்வாசி திரும்பியது, ஒரு கோலை ஊன்றி நடந்தான். ஐப்பசியில் சென்னியம்மாளுக்குப் பெண் பிறந்தது. குழந்தையம்மாள் என்று பெயர் வைத்தார்கள்.

பிள்ளை பிறந்த முதல் சனிக்கிழமை, சின்னாத்தாள் புறக்கடையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். சென்னியம்மாள் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து எதிரில் நின்றாள். சித்திரையிலிருந்து அன்றுவரை இருவரும் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

"நீ பாரு" என்றாள்.

"என்னத்தைங்கக்கா?"

"எனக்குப் பாக்கத் தைரியமில்ல. பாத்தாலும் எனக்குத் தெரியாது. பெத்தவ நானு, திருமலை மேலுல எது எங்க இருக்குதுன்னு கேட்டா ரெண்டு சொல்லுவன். நீதான் ஒண்ணு உடாமப் பாத்தவ. உங்கண்ணுக்குத்தான் தெரியும்."

அதில் குத்தல் இருந்ததா என்று சின்னாத்தாளால் சொல்ல முடியவில்லை. இருந்திருக்கலாம். அவள் சாம்பல் கையைக் கழுவித் துடைத்துவிட்டுக் குழந்தையை வாங்கிக் காலில் போட்டுக்கொண்டாள். முதுகைப் பார்த்தாள், தொடை மடிப்பை விரித்துப் பார்த்தாள், அக்குளைத் தூக்கிப் பார்த்தாள். திருமலைக்கு அங்கெல்லாம் பொடிப்பொடியாக இருந்தது அவளுக்குத்தான் தெரியும்.

"இன்னைக்கு ஒண்ணுமில்லீங்க" என்றாள்.

அதன் பிறகு சனிக்கிழமைதோறும் அது வழக்கமாகிவிட்டது. சென்னியம்மாள் வெந்நீரை விளாவிக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். சின்னாத்தாள் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டே தேடுவாள். சில வாரம் கன்னிப்போன இடமோ கொசுக்கடியோ இருவர் உயிரையும் வாங்கும்.

அடுத்த சித்திரையில் சந்தைக்குப் போகும்போது கவுண்டர் பொலிகாளையின் கயிற்றைக் குமாரசாமி கையில் கொடுத்தார். சட்டையைத் தூக்கிப் பார்க்கவில்லை, ஒன்றும் சொல்லவும் இல்லை. திருமலை வண்டியில் உட்கார்ந்துகொண்டு, "டேய், நீ காளையக் கூட்டிக்கிட்டுப் போறியா, காளை உன்னையக் கூட்டிக்கிட்டுப் போகுதா?" என்று வழியெல்லாம் கத்திக்கொண்டு வந்தான். சின்னாத்தாள் பின்னால் நடந்தாள். கயிறு வந்துவிட்டது. அதை நினைத்து நினைத்துச் சந்தோஷப்படலாமென்று பார்த்தாள். அன்றைக்குச் சனிக்கிழமை, வீட்டில் குழந்தையை யார் குளிப்பாட்டுவார்கள் என்ற நினைப்புதான் குறுக்கே வந்தது.

குழந்தை சுவரைப் பிடித்து நின்றது, பிறகு விட்டுவிட்டு நடந்தது. நடந்து இரண்டு மாதமும் ஆயிற்று. ஒரு சனிக்கிழமை வெயிலில் சின்னாத்தாள் அவளைக் குப்புறப் போட்டு, கழுத்திலிருந்து குதிகால்வரை நிதானமாகப் பார்த்தாள். எண்ணெயைத் துடைத்துவிட்டு இன்னொரு தரம் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லீங்கக்கா. வெறும் முதுகு."

"மறுக்காப் பாரு."

"பாத்துப்போட்டனுங்க. கழுவி வெச்ச அம்மியாட்ட இருக்குது."

சென்னியம்மாள் அண்டாவைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அழுதாளா என்று சின்னாத்தாள் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் அவளைப் பார்க்காமல் இருப்பதே மரியாதை என்று தோன்றியது. குழந்தையின் தலையைத் துவட்டினாள். துண்டை எடுத்ததும் முடி சுருள் சுருளாகத் தோளில் விழுந்தது. ஒரு வயசுக் குழந்தைக்கு இத்தனை முடியா? குமாரசாமிக்கு இந்த வயதில் தலை உரித்த தேங்காய் மாதிரி இருந்தது. தனக்கு ஒரு பெண்ணும் பிறக்கவில்லை. இவளுக்கு மட்டும் எல்லாம் சேர்ந்து வருகிறது.

"நெம்ப முடிங்கக்கா இவளுக்கு" என்றாள், சுருளை விரலில் சுற்றிக்கொண்டே.

சென்னியம்மாள் சட்டென்று தலையைத் தூக்கினாள். "ஏஞ்சின்னா. கண்ணு வெக்காத."

"பார்வையால ஒண்ணும் வராதுன்னு அந்த டாக்டரு..."

"அவரு கட்டியத்தான் சொன்னாரு. முடியச் சொல்லல."

எழுந்துபோய் மைச்சிமிழை எடுத்து வந்தாள். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு திமிறியது. சின்னாத்தாள் தாடையைப் பிடித்துக்கொண்டாள். சென்னியம்மாள் அந்த மாசுமருவில்லாத கன்னத்தில் கருப்பாக ஒரு பொட்டு வைத்தாள்.

சின்னாத்தாள் தலையைச் சாய்த்து அதைப் பார்த்தாள். அவள் கண் அவளுக்குத் தெரியும்.

"இன்னுங் கொஞ்சம் பெருசா வெய்யுங்கக்கா" என்றாள்.